நடுவில் ஒரு படி

அந்த அம்மா கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எங்கள் வேதியியல் துறையின் ஆசிரியர் அறையில் ஆறு நாற்காலிகள். வேலையில் சேர்ந்த முதல் நாளே மூலையில் கிடந்த, கை உடைந்த நாற்காலி ஒன்றை இழுத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். அங்கிருந்து வாசல் தெரியும், இரண்டு ஜன்னல்களும் தெரியும். மின்விசிறிக் காற்று மட்டும் வராது. அரியலூர் வெயிலில் மின்விசிறிக்கு அடியில் இடம் காலியாக இருக்கும்போது ஒருவர் போய்ப் புழுக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கத்தான் தோன்றும். கேட்டேன். "எது வந்தாலும் பின்பக்கமாத்தான் சார் வரும். நம்ம சப்ஜெக்ட்டே அதைத்தானே சொல்லுது" என்றார். சில வினைகளில் உள்ளே வரும் பொருள் கார்பனைப் பின்பக்கமாகத்தான் தாக்கும், அதைச் சொல்கிறார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் நாற்காலியை நகர்த்தவில்லை.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரை ஒருமுறை ஒரு தாளில் எழுதினேன், அது போதும். எந்தத் தாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். சொல்லாமல் விட்டுவிடுவேனோ என்ற பயம் எனக்கே இருப்பதால் முதலிலேயே குறிப்பிட்டு வைக்கிறேன்.

நான் அப்போது துறைத் தலைவர். ஓய்வு பெற மூன்று வருடங்கள் இருந்தன. அவர் கௌரவ விரிவுரையாளர். பெயரில்தான் கௌரவம். ஒவ்வொரு ஜூன் மாதமும் வேலை முடிந்துபோகும். துறைத் தலைவர் நல்லபடியாக எழுதி அனுப்பினால் மறுபடி தொடங்கும். வேப்பந்தட்டைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு ஊரிலிருந்து பெரம்பலூருக்கு ஒரு பஸ், பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு இன்னொரு பஸ். காலை முதல் வகுப்புக்கு அவர் தாமதமாக வந்து பார்த்ததில்லை. முப்பத்தைந்து வயது இருக்கும். கரிம வேதியியல் எடுத்தார்.

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் அம்பு மேடம்.

கரிம வினைகளில் எந்த எலக்ட்ரான்கள் எங்கே போகின்றன என்பதை வளைந்த அம்பு போட்டுக் காட்டுவோம். எங்களில் பலர் அதை ஒரு அலங்காரம் போலப் போட்டுவிட்டுப் போவோம். முனை சரியான அணுவில் போய் நின்றால் சரி. அவர் முனையைப் பார்க்க மாட்டார், வாலைப் பார்ப்பார். கரும்பலகையில் சாக்பீஸை ஆக்சிஜனின் தனி எலக்ட்ரான் இணை மீது வைத்து அப்படியே நிற்பார். வகுப்பு மொத்தமும் காத்திருக்கும். "எங்க போகுதுன்னு அப்புறம் பார்க்கலாம். எங்க இருந்து கிளம்புது? அதைச் சொல்லுங்க" என்பார். யாராவது சொன்ன பிறகுதான் கை நகரும். சொல்லாவிட்டால் மணி அடிக்கும்வரை நிற்பார். ஒருமுறை நிஜமாகவே நின்றார்.

இந்தக் கேள்வி வகுப்போடு நின்றிருந்தால் யாருக்கும் தொல்லை இல்லை. பஸ் ரத்து என்றால், யார் சொன்னது, டிரைவரா, கண்டக்டரா, அவருக்கு யார் சொன்னது என்று போவார். நாளைக்கு விடுமுறையாம் என்று யாராவது வந்து சொன்னால் அந்த 'ஆம்' எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்காமல் டிபன் பாக்ஸைத் திறக்க மாட்டார். இயற்பியல் துறையில் கிண்டல்காரர் ஒருவர் உண்டு. "மேடம், டயர் பஞ்சரானா அதுக்கும் மெக்கானிசம் போடுவீங்களா?" என்று ஒருநாள் கேட்டார். "போடணும்ல சார். ஆணி எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சுன்னு தெரியாம ஒட்டினா மறுபடி அதே இடத்துலதானே பஞ்சராகும்" என்றார் இவர்.

ஒருநாள் சோதனைக்கூடத்தில் அமில பாட்டில் ஒன்று அலமாரியிலிருந்து விழுந்து உடைந்தது. நல்லவேளை, யார் மேலும் படவில்லை. பாட்டில் விழுந்துவிட்டது என்று உதவியாளர் வந்து சொன்னார். அவருக்கு என் வயது இருக்கும், யாரைக் கண்டும் பயப்படாதவர். இந்த அம்மா போய், தானாக விழுந்ததா, யாருடைய கையாவது பட்டதா என்று ஒவ்வொருவராகக் கேட்டார். மாணவர்கள் நடுங்கிவிட்டார்கள். "பூகம்பம்னு எழுதிக்குங்க மேடம், வேலை முடியும்" என்றார் உதவியாளர். இவர் கேட்கவில்லை. அரை மணி நேரம் அலமாரி முன்னால் நின்று, ஒரு பென்சிலைத் தட்டின் மேல் வைத்தார். பென்சில் உருண்டு வந்து கையில் விழுந்தது. அலமாரியின் முன்கால் ஒன்றுக்கு அடியில் இருந்த மரச்சக்கை போய்விட்டிருந்தது. சக்கை செருகினார்கள். யாரையும் அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. யாரையும் மாட்டிவிட அவர் கேட்கவில்லை, தெரிந்துகொள்ள மட்டுமே கேட்டார் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்தது. புரிந்தும் பின்னால் நான் அப்படி நடந்துகொண்டேன்.

சின்ன வளையங்கள்தான் அவருக்குப் பிடித்த பாடம். மூன்று அணுக்கள் சேர்ந்து முக்கோணமாக நிற்கும் வளையம். அதை நடத்த விளக்குமாற்றிலிருந்து தென்னங்குச்சி ஒன்றை உருவிக்கொண்டு போவார். இரண்டு இடத்தில் வளைத்து, முக்கோணமாக்கி, நுனிகளை விரலால் பிடித்துக்கொண்டு முதல் பெஞ்சுக்குப் போவார். "இதைப் புடி. விடாத. கையில என்ன தெரியுது?" குச்சி திமிறும். "பார்க்கிறதுக்கு அழகா, சின்னதா, அமைதியா இருக்கும். உள்ளுக்குள்ள அவ்வளவும் இழுத்துப் புடிச்சிக்கிட்டு நிக்குது. ஒரு சின்ன சாக்கு கிடைச்சாப் போதும், திறந்துக்கும்." அந்தக் குச்சி ஒருமுறை பிடியிலிருந்து நழுவித் தெறித்து ஒரு மாணவனின் மூக்குக்கண்ணாடியில் பட்டது. அதற்கப்புறம் எல்லோரையும் ஒரு அடி தள்ளி உட்கார வைத்துவிட்டுத்தான் குச்சியை எடுப்பார்.

அவருடைய ஒரு வகுப்பை நான் வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். கார்பீன் என்று ஒரு துணுக்கு உண்டு. இரட்டைப் பிணைப்பால் சேர்ந்திருக்கும் இரண்டு கார்பன்களின் மேல் அது வந்து உட்கார்ந்தால் மூன்று கார்பன் கொண்ட முக்கோண வளையம் உண்டாகும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்கிறதா, ஒரு கையை முதலில் போட்டு, மற்றதைப் பிறகு போடுகிறதா என்பது கேள்வி. அதை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஒரே நேரத்தில் நடந்தால், முன்பு ஒரே பக்கத்தில் இருந்த தொகுதிகள் வளையத்திலும் ஒரே பக்கத்தில் இருக்கும். ஒன்றன்பின் ஒன்றாக நடந்தால், நடுவில் கிடைக்கும் இடைவெளியில் ஒரு பக்கம் சுழன்று திரும்பிவிடும். கடைசியில் இரண்டு வகையும் கலந்து வரும்.

"கடைசியில என்ன வந்துச்சுன்னு பார்த்தாலே நடுவுல என்ன நடந்துச்சுன்னு சொல்லிடலாம்" என்றார். "திரும்ப நேரம் இருந்துச்சா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி."

இந்த வாக்கியத்தை அன்றைக்கு ரசித்துவிட்டு என் அறைக்குப் போய்விட்டேன்.

இப்போது என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத் தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரிப்பதும், அதற்கு விடைக்குறிப்பு எழுதுவதும் எனக்குப் பழகிய வேலை. விடைக்குறிப்பை நாங்கள் கீ என்போம். இருபது வருடமாக நான் எழுதிய கீயில் ஒரு திருத்தம்கூட வந்ததில்லை. விடைத்தாள் திருத்தும் முகாம்களில் மற்ற குழுக்கள் முதல் நாள் காலை கீயில் உள்ள தப்புகளைச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, எங்கள் மேஜையில் முதல் கட்டு முடிந்திருக்கும். "சார் கீ போட்டா அப்படியே போயிட்டே இருக்கலாம்" என்பார்கள். இதைக் கேட்கும்போது எனக்கு உண்டான இன்பத்தை என் பிள்ளைகள் பிறந்தபோது அடைந்தேனா என்று சந்தேகம்.

அந்த வருடக் கேள்வித்தாளில் ஒரு பத்து மதிப்பெண் கேள்வி. எப்பாக்சைடு என்பது இரண்டு கார்பனும் ஒரு ஆக்சிஜனும் சேர்ந்த முக்கோண வளையம். நான் கொடுத்திருந்த எப்பாக்சைடில் ஒரு கார்பன் இரண்டு மெத்தில் தொகுதிகளைச் சுமந்துகொண்டு நெருக்கடியாக இருக்கும், இன்னொரு கார்பன் காலியாக இருக்கும். இந்த வளையத்தைக் காரத்தோடு திறந்தால், உள்ளே வரும் பொருள் காலியான கார்பனில் போய் ஒட்டும். ஒரு துளி அமிலம் விட்டுத் திறந்தால் நெருக்கடியான கார்பனில் போய் ஒட்டும். அமிலமா, காரமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டாம் ஆண்டு மாணவனுக்குத் தெரிந்த விஷயம்.

நான் முதலில் காரம் என்று கேள்வி எழுதி அதற்கு விடையும் எழுதினேன். பிறகு முந்தைய வருடமும் இதே கேள்வி வந்திருப்பது ஞாபகம் வந்தது. கேள்வியில் காரத்தை அடித்துவிட்டு மெத்தனாலும் ஒரு துளி கந்தக அமிலமும் என்று மாற்றினேன். விடையை மாற்றவில்லை. உறையில் போட்டு ஒட்டி அனுப்பிவிட்டேன்.

முகாம் பெரம்பலூரில் ஒரு கல்லூரி மண்டபத்தில் நடந்தது. எங்கள் குழுவுக்கு நான் தலைவர், எட்டுத் திருத்துநர்கள். அவர்கள் சிவப்பு மையால் திருத்துவார்கள். தலைவர் சில தாள்களை எடுத்துப் பச்சை மையால் சரிபார்ப்பார். பச்சை மைக்கு மேல் அங்கே பேச்சு கிடையாது. எட்டுப் பேரில் ஏழு பேர் என் கீயை வைத்துக்கொண்டு விடைத்தாள்களைத் திருத்தினார்கள். அந்த அம்மா மட்டும் கீயையும் ஒரு விடைத்தாள் போலப் படித்திருக்கிறார்.

முதல் நாள் காலை டீ வந்தபோது, மற்றவர்கள் எழுந்து போகும்வரை இருந்துவிட்டு என் மேஜைக்கு வந்தார். கீயை மடித்து, அந்தக் கேள்வி மட்டும் மேலே தெரியும்படி வைத்தார்.

"சார், இதை மட்டும் ஒரு தடவை பார்த்துடுங்க. அடுத்த கட்டு எடுக்கிறதுக்குள்ள பார்த்துட்டா நல்லது."

ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. டீ டம்ளரைக் கீழே வைத்தேன். அந்த நேரத்துக்கு அதிகம் போனால் நூறு தாள் திருத்தியிருப்பார்கள். எழுந்து நின்று, கீயில் ஒரு தப்பு, மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அரை மணி நேர வேலை. யாரும் என்னைத் தூக்கில் போடப் போவதில்லை. இயற்பியல்காரர் ஒரு வாரம் கிண்டல் செய்வார், அவ்வளவுதான்.

"பார்த்தாச்சும்மா. சரியாத்தான் இருக்கு" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். கரும்பலகையில் சாக்பீஸை வைத்துவிட்டுக் காத்திருப்பது போலக் காத்திருந்தார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டேன். அவர் போய் உட்கார்ந்தார். முகாமிலும் அவர் இடம் சுவரோரம்தான்.

பிற்பகலில் அவருடைய கட்டிலிருந்து சில தாள்களை வரவழைத்தேன். அந்தக் கேள்விக்குச் சரியான விடை எழுதியிருந்த ஒரு தாளில் ஒன்பது போட்டிருந்தார். சிவப்பு மையில், நிதானமான கையெழுத்தில். அந்தப் பிள்ளை அம்புகளைக்கூட வால் தெரியும்படி போட்டிருந்தது. நான் பச்சை மையால் ஒன்பதை அடித்து மூன்று போட்டேன். பக்கத்தில் சுருக்கொப்பம். அப்படி அன்று பதினோரு தாள்கள். எண்ணிக்கை இன்றைக்கும் நினைவிருக்கிறது.

கட்டு திரும்பிப் போனதும் அவர் வந்தார். எந்த அடிப்படையில் அடித்தீர்கள் என்று மட்டும் சொல்லிவிடுங்கள் என்று கேட்டார். கீயில் உள்ளபடி என்றேன். கீ தப்பாக இருந்தால் என்று கேட்டார், இன்னும் மெதுவாக. மேஜையில் இருந்தவர்கள் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்ததால் எனக்கு வந்த கோபம் உண்மையான கோபம். என் மேல் தப்பு இல்லை என்று அந்தக் கணம் முழுமையாக நம்பினேன். "நீங்க திருத்த வந்தது விடைத்தாளை, என்னை இல்லை" என்றேன். யாரோ சிரித்தார்கள். அவர் கீயை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகும் முகாம் முடியும்வரை அவர் சரியான விடைக்குச் சரியான மதிப்பெண் போட்டார், நான் அடித்துக்கொண்டே இருந்தேன்.

முடிவுகள் வந்தன. குன்னம் பக்கத்திலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்து படித்த ஒரு பெண், மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற வீடு. வகுப்பில் முதல் மூன்றுக்குள் வருபவள் அல்ல. ஆனால் அந்த அம்மா சொல்வதை அப்படியே பிடித்துக்கொள்வாள். திருச்சியில் எம்.எஸ்ஸி. இடம் கிடைத்திருந்தது. இந்தத் தாளில் தேறினால்தான் சேர முடியும். நான்கு மதிப்பெண் குறைந்து போயிற்று. விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பித்து வாங்கிக்கொண்டு வந்தாள். அந்த அம்மா அதை என் மேஜையில் கொண்டுவந்து விரித்தார்.

திருத்தும்போது பதிவு எண்ணை மறைத்திருப்பார்கள். யார் தாள் என்று தெரியாது. இப்போது தெரிந்தது. கறுப்பு வெள்ளை நகலில் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலக் கறுப்பாக இருந்தன. ஒன்பதை அடித்தவர் யார், மூன்று போட்டவர் யார் என்று அந்தப் பெண்ணால் சொல்ல முடியாது. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுமதிப்பீட்டுக்குப் போட்டாலும் இதே கீயைத்தான் வைத்துத் திருத்துவார்கள் சார், கீயை மாற்றினால்தான் உண்டு என்றார். ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஒரே தாள். அமிலத்தில் எப்படித் திறக்கும், காரத்தில் எப்படித் திறக்கும் என்று இரண்டு வரைபடங்கள். அம்புகள் மட்டும் சிவப்பில். யார் பெயரும் இல்லை. விடைக்குறிப்பை மறுபரிசீலனை செய்யுமாறு வேண்டுகிறேன் என்று ஒரு வரி. கௌரவ விரிவுரையாளர் நேரடியாக மேலே எழுத முடியாது, துறைத் தலைவர் வழியாகத்தான் போக வேண்டும். அதனால் கீழே எனக்கு ஒப்பமிட இடம் விட்டிருந்தார்.

"அனுப்பிடுறேம்மா" என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் வைத்தேன். பூட்டினேன். ஒரு வாரம் கழித்து, போய்விட்டதா என்று கேட்டார். போய்விட்டது, பதில் வரவேண்டும் என்றேன். என்றைக்குப் போயிற்று, அனுப்பிய எண் என்ன என்று கேட்டார். குறித்து வைக்கும் எழுத்தர் விடுப்பில் இருக்கிறார் என்றேன். எழுத்தர் அன்று வராந்தாவில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தது இருவர் காதிலும் விழுந்தது. அவர் அதற்கப்புறம் கேட்கவில்லை.

ஜூன் மாதம் அவர் பணி தொடரவில்லை. துறையில் இருந்த மற்ற நான்கு கௌரவ விரிவுரையாளர்களுக்கும் தொடர்ந்தது. கடைசி நாள் வேதிப்பொருள் அலமாரியின் சாவியை ஒப்படைக்க வந்தார். ஒவ்வொரு பாட்டிலையும் பட்டியலோடு சரிபார்த்துக்கொள்ளச் சொல்லி, என் கையெழுத்து வாங்கிய பிறகுதான் சாவியைக் கொடுத்தார். பிறகு, தன்னைப் பற்றி ஏதாவது எழுத்தில் போனதா என்று கேட்டார். இல்லை, மேலே இடத்தைக் குறைத்துவிட்டார்கள் என்றேன்.

"நாலு பேருக்கு குறைக்கலியே சார்" என்றார். நான் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெற்றபோது எனக்குச் சால்வை போட்டார்கள். பிழையே இல்லாத ஆசிரியர் என்று ஒருவர் பேசினார். இழுப்பறையைக் காலி செய்தபோது அந்தக் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கிழித்துப் போட முடியவில்லை. நல்ல குணத்தால் அல்ல. கிழித்த துண்டுகளை யாராவது ஒட்டிப் பார்த்துவிடுவார்கள் என்று பயம்.

போன மாதம் பெரம்பலூரில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் அரியலூர் பஸ்ஸுக்கு நின்றேன். தூணோரம், சுவரில் முதுகைச் சாய்த்து ஒருவர் உட்கார்ந்திருந்தார். முகத்துக்கு முன்னால் அந்த உட்காரும் விதம்தான் எனக்குத் தெரிந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"வாங்க சார். உட்காருங்க. கண்ணுல மருந்து விட்டிருக்காங்களா?"

லப்பைக்குடிக்காட்டில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ எடுப்பதாகச் சொன்னார். பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள், அப்பாக்கள் துபாயிலிருந்து போனில் மார்க் கேட்கிறார்கள், மார்க் எங்கே குறைந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை என்று சிரித்தார். முன்நெற்றி முடி நரைத்திருந்தது. அந்தக் குன்னம் பெண்ணைப் பற்றி நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். அடுத்த தேர்வில் அந்தத் தாளை முடித்துவிட்டாளாம். ஆனால் திருச்சி இடம் போய்விட்டது. வீட்டில் இன்னொரு வருடம் பொறுக்கவில்லை. ஒரு சிமெண்ட் ஆலையில் மாதிரி எடுத்துச் சோதிக்கும் ஒப்பந்த வேலையில் இருக்கிறாளாம். சுண்ணாம்புத் தூளில் கையெல்லாம் வெடித்துப் போயிருப்பதாகச் சொன்னார்.

என் பஸ் வந்து நின்றது. ஏறிவிடு என்று என் கால்கள் சொல்லின. நான் எழுந்திருக்கவில்லை.

"உங்க பஸ் போகுது சார்" என்றார்.

"அடுத்ததுல போறேம்மா."

எதிரே இருந்த பூக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, வகுப்பெடுக்கும் அதே குரலில் பேசினார்.

"அந்தக் கடுதாசி போகலைன்னு எனக்குத் தெரியும் சார். வேலை போனப்புறம் நானே நேரா எழுதிக் கேட்டேன். அப்படி ஒண்ணு வரவே இல்லைன்னு பதில் போட்டாங்க. கெடுவும் முடிஞ்சு போச்சுன்னாங்க. சரி, அது ஒரு படி. ஆனா கடுதாசி போகாததால என்னை எப்படி வேலையை விட்டு எடுப்பாங்க? போகாத கடுதாசி யாருக்கும் தெரியாதே. நடுவுல இன்னொரு படி இருக்கணும். இத்தனை வருஷமா போட்டுப் போட்டுப் பார்க்கிறேன். வர மாட்டேங்குது."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்று அலமாரிக்கு முன்னால் பென்சிலை வைத்துப் பார்த்தாரே, அந்த முகம்தான் இருந்தது.

ஏதோ தப்பு நடந்துவிட்டது அம்மா என்றேன். அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததும் அதன் அசிங்கம் எனக்கே தெரிந்தது. நடந்துவிட்டதாம். பாட்டில் விழுந்துவிட்டது என்று சொல்வது போல.

அவர் பஸ் வந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டார். "உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க சார். தெரிஞ்சுக்கிட்டாப் போதும் எனக்கு" என்றார். பள்ளிக்கூடத்து விலாசத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு ஏறினார். கூட்டம் இருந்தது, கடைசி சீட்டுக்குப் போய், ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் பஸ்ஸின் தகரம் மட்டும்தான்.

அவர் கேட்ட படியை இங்கே எழுதுகிறேன்.

அந்த வருடப் பணிநீட்டிப்புப் படிவத்தில், அவர் பெயரை எழுதி, அதற்கு எதிரே, துறைத் தலைவர் குறிப்பு என்ற இடத்தில் நான் என் கையால் எழுதியது இது: "மதிப்பீட்டுப் பணியில் விடைக்குறிப்பைப் பின்பற்ற மறுக்கிறார். தொடர்வது துறைக்கு உகந்ததல்ல." யாரும் சொல்லி எழுதவில்லை. மேலே யாரும் கேட்கவும் இல்லை. அவர் மறுபடி வந்தால் ஒவ்வொரு நாளும் சுவரோரம் உட்கார்ந்து என்னைப் பார்ப்பாரே, அதை என்னால் தாங்க முடியாது என்பதற்காக எழுதினேன். கீயில் திருத்தம் வராத ஆசிரியர் என்ற பெயருக்காக எழுதினேன். வேறு காரணம் இருக்கிறதா என்று பலமுறை தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

ஒரே நேரத்தில் நடந்துபோனது, யோசிக்க இடமில்லை என்று நெடுநாள் என்னையே நம்பவைத்திருந்தேன். கணக்குப் பார்த்தால் அப்படி இல்லை. டீ நேரம் ஒன்று. பச்சை மை எடுத்தது ஒன்று. இழுப்பறையைப் பூட்டியது ஒன்று. படிவம் ஒன்று. முதல் இரண்டுக்கும் நடுவில் சில மணி நேரம் இருந்தது, மற்றவற்றுக்கு நடுவில் நாட்கள் இருந்தன, வாரங்கள் இருந்தன. திரும்ப நேரம் இருந்தது. நான் திரும்பவில்லை.

அந்தப் பழைய கடிதத்தை இன்று எடுத்து மேஜையில் வைத்திருக்கிறேன். தாள் பழுத்துவிட்டது, அம்புகளின் சிவப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. கீழே அவர் விட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அதற்கு இனி ஒரு மதிப்பும் இல்லை, தெரியும். தேதி மட்டும் இன்றைய தேதியே போட்டேன். அதையும், இந்தப் பக்கங்களின் நகலையும் ஒரே உறையில் வைத்து, துண்டுச் சீட்டில் இருந்த விலாசத்தை எழுதி ஒட்டிவிட்டேன்.

இன்று சனிக்கிழமை மாலை. தபால் ஆபீஸ் மூடிவிட்டது, திங்கட்கிழமை காலைதான் திறக்கும். உறை என் எதிரில் இருக்கிறது. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாக இருக்கிறது.